பழைய புகைப்படக் கருவியும் மதுரை மாநகரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பழைய புகைப்படக் கருவிகளைப் பேணுதலில் யாம் பெருவிருப்பமுடையோம் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள நம்மவர் பலரும் அறிவர். அவ்விருப்பத்தால் நம் குடும்பங்களுக்கு விளையும் பயன் யாது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும்.

செருமானிய நாட்டில் வெட்ஸ்லர் என்றொரு பழைய நகரம் உண்டு. அங்கே லைட்ஸ் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக் என்பார் ஈளைநோயால் வருந்தியவர். கண்ணாடித் தகடுகளோடு கூடிய பெருங்கருவியைச் சுமந்து திரிதல் அவர்க்கு அரிதாயிற்று. ஆகவே, சினிமாச் சுருள் பொருந்தும் சிறு கருவியொன்றை 1914-ஆம் ஆண்டில் ஆக்கினார். அதுவே 1925-இல் 'லைக்கா' என்னும் பெயருடன் வெளிவந்தது. அவர் நின்று படம் எடுத்த இடத்தை அந்நகரத்தார் தெருவில் அடையாளமிட்டுள்ளனர். ஆர்வமுடையோர் அவ்விடத்தில் நின்று அதே காட்சியைப் படம் எடுத்து மகிழ்கின்றனர்.

நமக்கு அத்தகைய இடம் இல்லையோவெனின், உண்டு; நம் அண்டையிலுள்ள மதுரையே அஃதாம். சென்னை அரசாங்கத்தாரால் 1856-இல் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லினீயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1858-இல் மதுரைத் திருக்கோயில், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் அரண்மனை முதலியவற்றைப் படம் எடுத்தனர். மெழுகூட்டிய காகிதத்தில் ஒளியைப் பதித்தல் அவர் கையாண்ட முறை. அவ்வாண்டிலேயே தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து ஒரே நெடும்படமாக இணைத்தனர். செலவு மிகுதியென்று கருதி அரசாங்கத்தார் 1860-இல் அப்பணியை நிறுத்தினர்.

சென்ற தை மாதத்தில், எம் தந்தையார் வைத்திருந்த 'ஆக்பா கிளிக்' கருவியுடன் யாம் மதுரைக்குச் சென்றோம். அதில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே எடுத்தல் கூடும். கைப்பேசியில் நொடிக்கொரு படம் எடுக்கும் பிள்ளைகள் கண்டு நகைத்தனர். பன்னிரண்டே உள்ளமையால், ஒவ்வொன்றையும் எடுக்குமுன் நெடுநேரம் நோக்கினோம். டிரைப் எடுத்த படங்களின் படிகளும் எம் கையில் இருந்தன. அவற்றில் அரண்மனை சிதைந்து கிடக்கின்றது. 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் காலத்திலேயே அது பழுது பார்க்கப்பெற்றது. அப்பழைய படங்கள் இலவேல், முன்னிருந்த நிலையைக் கண்ணாற் காண்பது எங்ஙனம்?

மற்றொன்றும் கண்டோம். அப்படங்களில் மக்களைக் காண்டல் அரிது. ஒளி பதிய நெடுநேரம் வேண்டியமையால், நடமாடினோர் உருவம் பதியவில்லை. தூண்கள் நின்றன, மாந்தர் மறைந்தனர்.

நிற்க. நம் இல்லங்களின் நிலை இதற்கு மறுதலையானது. படங்களில் மாந்தர் உளர். அவர் பெயர்களே மறைந்தன. இம்மண்டபத்தில் தொங்கும் பழைய ஆண்டு விழாப் படத்தைப் பாருங்கள். நாற்காலியில் அமர்ந்தோரை அறிவோம்; பின்னே நிற்போரை அறிவார் யார்? பெண்டிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 'இன்னார் மனைவி' என்பதற்கு மேல் சொல்லுவாரில்லை. சென்ற ஆண்டு உத்தமபாளையத்தில் மூதாட்டியார் ஒருவர், ஒரு திருமணப் படத்திலிருந்த அனைவர் பெயரையும் ஒரே மாலையில் எமக்குச் சொன்னார். நாத்தனார், கொழுந்தியார், சமையல் செய்தவர், பந்தல் போட்டவர் எவரையும் அவர் விட்டிலர். அடுத்த மாதமே அவர் காலமானார். அம்மாலை தவறியிருப்பின், அத்தனை பெயரும் அவரோடே போயிருக்கும்.

ஆதலின் எம் வேண்டுகோள் சிலவே. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் படங்களையும் சுருள்களையும் குப்பையில் எறியாதீர்கள். பழைய கருவிகளை ஈரமில்லா இடத்தில் வையுங்கள். ஈரம் பட்டால் கண்ணாடியிற் பூஞ்சணம் படரும். இளைஞர்களே! இவ்விடுமுறையில் வீட்டு முதியோர் அருகிலமர்ந்து, படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். பெண்டிர்க்கு அவரவர் சொந்தப் பெயரையே எழுதுங்கள். நம் முன்னோரைப் பெயரிட்டழைக்கும் நாவுகள் நாளுக்குநாள் குறைகின்றன. அவை உள்ளபோதே கேட்டெழுதுதல் நம் கடன்.