மின்கித்தாரின் காது: பிக்கப் மாற்றுவதற்கு முன் அறிய வேண்டியவை

   

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் திருமண விருந்திலும் நம் இளைஞர்கள் இசைக்குழு அமைத்து மேடையேறுவதைக் காண்கிறோம். அக்குழுவில் மின்கித்தார் வாசிக்கும் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "கித்தாரில் ஓசை சரியில்லை, பிக்கப்பை மாற்ற வேண்டும், பணம் வேண்டும்" என்கிறான். பெயர் பெற்ற நிறுவனங்களின் பிக்கப் தொகுதி பல நூறு வெள்ளி விலை பெறும். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இச்செலவு ஒரு வாரக் கூலியோ அதற்கு மேலோ ஆகலாம். "எல்லாம் வீண் செலவு" என்று தந்தை மறுத்துவிடுவதும், "விலை கூடியதை வாங்கினால் போதும்" என்று மகன் நினைப்பதும் இரண்டுமே சரியல்ல. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. பிக்கப் என்பது என்ன, எப்போது மாற்றுவது, எப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என்பனவற்றை இன்று காண்போம்.

பிக்கப் என்பது கித்தாரின் காது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் காந்தமும், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவினால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் தத்துவம் இதுவே. அந்தச் சிறு மின்சாரத்தைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கித் தருகிறது. நைலான் கம்பி பூட்டிய கித்தாரில் இந்தப் பிக்கப் வேலை செய்யாததற்கும் காரணம் இதுதான். நைலானைக் காந்தம் அறியாது.

பிக்கப்பில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி நம் தலைமுடி அளவே தடிமன் உடையது. ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றில் அது ஏறக்குறைய 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். ஆகவே பிக்கப்பைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படக் கூடாது. ஓரிடத்தில் அறுந்தாலும் முழுச் சுருளும் ஊமையாகிவிடும்.

நேயர்களே, பணத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது, கம்பிகள். வியர்வையாலும் துருவாலும் மங்கிய பழைய கம்பியில் எந்தப் பிக்கப்பும் நல்ல ஓசை தராது. புதிய கம்பி பூட்டிக் கேளுங்கள். இரண்டாவது, இணைப்பு. வயரையும், அது செருகும் துளையையும், வால்யூம் குமிழையும் அசைத்துப் பாருங்கள். கரகர என்ற சத்தம் வந்தால் குறை அங்கேதான். மூன்றாவது, பிக்கப்பின் உயரம். இதைச் சரிசெய்ய ஒரு திருப்புளி போதும், செலவே இல்லை.

உயரத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். பிக்கப்பும் அப்படித்தான். கம்பியை விட்டு விலகியிருந்தால் ஓசை மெலியும். மிக நெருங்கினால், காந்தம் கம்பியை இழுத்து அதன் அதிர்வைக் கெடுக்கும். அப்போது சுருதி கலங்கும், ஓசை விரைவில் அடங்கிவிடும். "கித்தார் சுருதியில் நிற்கவில்லை" என்ற குறைக்குச் சில வேளைகளில் இதுவே காரணம்.

அளக்கும் முறை இது. கடைசிக் கட்டையில் கம்பியை அழுத்திப் பிடியுங்கள். கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். காந்தம் வலிமையானதாயின் இன்னும் அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்புக்கு மேலே கம்பி அகலமாக அதிர்கிறது. பிரிட்ஜ் பக்கம் குறைவாக அதிர்கிறது. ஆகவே கழுத்துப் பக்கத்தைத் தாழ்த்தியும் பிரிட்ஜ் பக்கத்தைச் சற்று உயர்த்தியும் வைத்தால் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும். திருகாணியை ஒரு முறைக்கு அரைச் சுற்று மட்டும் திருப்பி, வாசித்துக் கேட்டு, பிறகு மேலே செல்லுங்கள். பல வீடுகளில் இந்த வேலையோடு, பிக்கப் வாங்கும் தேவையே நீங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஓசை பிடிக்கவில்லை, அல்லது பிக்கப் பழுதாகிவிட்டது என்றால், அப்போது மாற்றலாம். பிக்கப்பில் பெரும்பிரிவுகள் இரண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவான, கணீரென்ற ஓசை தரும். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உள்ளவை இவ்வகை. ஆனால் இது வெளியிலுள்ள மின்காந்த இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் மேடை விளக்குகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் அருகில் "ஊம்" என்ற இரைச்சல் எழும். இதைப் போக்க, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955ஆம் ஆண்டில் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். இரு சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காந்தங்களும் எதிர்த்திசையில் இருப்பதால் கம்பியின் ஓசை மட்டும் கூடும். இவ்வகை ஓசை சற்றுத் தடித்து, கனமாக இருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பதை விட, எந்தப் பாட்டுக்கு, எந்த மேடைக்கு என்று கேட்பதே முறை.

கடைக்குப் போகுமுன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, பிக்கப்பின் நீள அகலம். ஹம்பக்கர் அகலமானது, ஒற்றைச் சுருளுக்கு வெட்டிய குழியில் நுழையாது. அதற்காகக் கித்தாரின் மரத்தைக் குடைவதை விட, ஒற்றைச் சுருள் அளவிலேயே செய்யப்பட்ட இரட்டைச் சுருள் பிக்கப்பைக் கேட்டு வாங்கலாம். இரண்டு, பிக்கப் இருக்குமிடத்தில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள தூரம். பிரிட்ஜ் பக்கத்தில் சில கித்தார்களில் இது சுமார் 50 மில்லிமீட்டர், வேறு சிலவற்றில் 52 அல்லது 53. காந்த முனைகள் கம்பிகளுக்கு நேராக அமைய வேண்டும். மூன்று, கழுத்துப் பக்கத்துக்கா பிரிட்ஜ் பக்கத்துக்கா என்பது. நான்கு, வால்யூம் குமிழின் மதிப்பு. ஒற்றைச் சுருளுக்குப் பொதுவாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். 250இல் ஹம்பக்கரை இணைத்தால் ஓசை மங்கும். 500இல் ஒற்றைச் சுருளை இணைத்தால் ஓசை கூர்மையாகிவிடும்.

விளம்பரத்தில் காணும் எண்ணைக் கண்டும் மயங்க வேண்டாம். ஒற்றைச் சுருளுக்கு 6 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கருக்கு 8 கிலோ ஓம், வேறு சிலவற்றுக்கு 14, 16 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இது சுருளின் மின்தடை மட்டுமே. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே இந்த எண் உயர்ந்துவிடும். காந்தத்தின் வலிமை, சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன் எல்லாம் சேர்ந்துதான் ஓசை. எண் கூடினால் ஓசை சிறக்கும் என்பது தவறான எண்ணம்.

இனிப் பொருத்தும் வேலை. முதலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கித்தாரைக் கழற்றிவிடுங்கள். பழைய வயர்கள் எந்த நிறம், எங்கே போகின்றன என்பதைப் படமாக வரைந்துகொள்ளுங்கள்; கைப்பேசியில் படம் எடுத்தும் வைக்கலாம். காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, 30 அல்லது 40 வாட் சால்டரிங் கருவியால் விரைவாகப் பற்றவையுங்கள். ஈயம் கலந்த பற்றாசாக இருக்கலாம். ஆகவே சிறுபிள்ளைகளை அண்டவிடாமல், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். கழற்றிய பழைய பிக்கப்பின் வயரை ஒட்ட நறுக்காமல் பத்திரப்படுத்துங்கள். புதியது பிடிக்காவிட்டால் அது உதவும்.

கம்பிகள் பூட்டுமுன் ஒரு சோதனை. ஆம்ப்ளிஃபயரில் ஓசையைக் குறைத்து வைத்து, காந்த முனையைத் திருப்புளியால் மெல்லத் தட்டுங்கள். "டக்" என்று கேட்டால் இணைப்பு சரி. கம்பி பூட்டிய பின், இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து வாசிக்கும்போது ஓசை மூக்கால் பேசுவதுபோல் மெலிந்து கேட்டால், ஒன்றின் இணைப்பு தலைகீழாக உள்ளது என்று பொருள். அந்தப் பிக்கப்பின் இரு வயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும். ஆனால் உலோக மூடி உள்ள பிக்கப்பில், மூடியின் தரையிணைப்பு தனியாக இல்லாவிட்டால் இதைச் செய்யக் கூடாது. தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. கித்தாரின் எஃகுக் கம்பிகள் ஒரு வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் தரையிணைப்போடு சேர்ந்திருக்கின்றன. இரைச்சலைக் குறைக்கிறோம் என்று சிலர் ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைத் துண்டித்துவிடுகிறார்கள். அந்நிலையில் ஆம்ப்ளிஃபயர் பழுதானால் 230 வோல்ட் மின்சாரம் கித்தார் கம்பிக்கே வந்துவிடும். மழையில் நனைந்த தரை, ஜெனரேட்டர் மின்சாரம், உதட்டருகில் ஒலிவாங்கி என்ற நிலையில் வாசிப்பவனின் உயிருக்கே ஆபத்து. இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். எர்த் வயரில் கை வைக்காதீர்கள். மேடைக்கு மின்சாரம் எடுக்கும் இடத்தில் மின்கசிவைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று கோயில் பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரின் உட்புறத்தைத் திறக்கவே வேண்டாம். சுவிட்சை அணைத்த பின்னும் அதன் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை பணம் கேட்டு வந்தால், "புதுக் கம்பி பூட்டினாயா? உயரத்தை அளந்தாயா? நான்கு விவரங்களையும் எழுதினாயா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளைக்கு மறுக்காதீர்கள். அவன் இசையோடு அளவையும் மின்னியலையும் கைத்தொழிலையும் சேர்த்துக் கற்கிறான். இளைஞர்களே, அளந்து, அறிந்து, பிறகு வாங்குங்கள். உங்கள் விரல் பயிற்சிக்கு ஈடான பிக்கப் எந்தக் கடையிலும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.