விழுந்த இடம் யாருடையது?

இந்த எபிசோடை விருத்தாசலத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல ரயில் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. ஜங்ஷன் பக்கத்துலதான் வீடு.

வெளியூர்ல எங்க ஊர் பேரைச் சொன்னா, சில பேர் பழமலைநாதர் கோயிலைச் சொல்வாங்க, சில பேர் பீங்கானைச் சொல்வாங்க. எங்க பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல ஒரு பீங்கான் பட்டறையில பொம்மைக்கு வர்ணம் தீட்டினவங்க. கண்ணு எழுதுறது அவங்க வேலை. மெல்லிசான பிரஷ், ஒரே இழுப்பு. கை நடுங்கினா அந்தப் பொம்மை வீண்.

ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு வேற ஊருக்குப் போயிருந்தாங்க. எந்த ஊர்னு சொல்லல, அது இங்க முக்கியமில்ல. மழை பெஞ்சு ரோட்டோரமெல்லாம் தண்ணி. கீழ சாக்கடை இருக்கு, மேல மூடி இல்ல. கால் உள்ள போச்சு, வலது கையை ஊனி விழுந்தாங்க. மணிக்கட்டு எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருச்சு. இப்போ பிளேட் வெச்சிருக்கு. அந்த பிரஷைப் பிடிக்க முடியல. அதே பட்டறையில பேக்கிங் பண்றாங்க, கூலி கம்மி.

"நஷ்டஈடு கேட்டிருக்கலாமே பெரியம்மா"ன்னு கேட்டேன். "யாருகிட்ட தம்பி கேக்குறது? பாத்து நடந்திருக்கணும்னுதான் சொல்லுவாங்க" அப்படின்னாங்க.

அந்த "யாருகிட்ட" என்கிற கேள்விக்குப் பதில் தேடினதுதான் இன்னைக்கு எபிசோட். நான் வக்கீல் இல்ல, கோடு எழுதுறவன். படிச்சதையும் கேட்டுத் தெரிஞ்சுகிட்டதையும் சொல்றேன். உங்க விஷயத்துக்கு ஒரு வக்கீலைப் பார்த்துடுங்க.

முதல்ல எங்க ஊர்ப் பக்கத்துல நடந்த ஒரு சம்பவம். 2024 மே 2-ம் தேதி, சென்னை எழும்பூர்ல இருந்து கிளம்பின கொல்லம் எக்ஸ்பிரஸ். சொந்த ஊருக்குப் போய்க்கிட்டிருந்த ஏழு மாத கர்ப்பிணிப் பெண் ஒருத்தங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு எழுந்து கதவுப் பக்கம் போயிருக்காங்க. உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவுல ரயில்ல இருந்து விழுந்து இறந்துட்டாங்க. அந்தப் பெட்டியில அபாயச் சங்கிலியை இழுத்தும் வண்டி நிக்கலன்னு உறவினர்கள் சொன்னதா அப்போ செய்தி வந்துச்சு. ரயில்வே விசாரணைக்கு உத்தரவு போட்டது. நானும் வாரக்கடைசியில ஊருக்கு வர்ற தடம் அதுதான். ரொம்ப நாள் தூக்கம் வரல.

அந்தச் செய்திக்கு அப்புறம்தான் ரயில்வே சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1989-ம் வருஷச் சட்டம், 124ஏ பிரிவு. ஓடுற ரயில்ல இருந்து ஒரு பயணி தவறி விழுந்தா, ரயில்வே மேல தப்பு இருக்கோ இல்லையோ, இழப்பீடு கொடுத்தாகணும். உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரியில இருந்து அதுதான் தொகை, அதுக்கு முன்னாடி 4 லட்சம். காயங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கு.

"கதவுகிட்ட நின்னது அவங்க தப்புதானே?"ன்னு கேட்பாங்க. 2010-ல ஜமீலா வழக்குல உச்ச நீதிமன்றம் அதுக்குப் பதில் சொல்லிடுச்சு. திறந்த கதவுகிட்ட நிக்கிறது கவனக்குறைவா இருக்கலாம், ஆனா அதனால இழப்பீடு இல்லன்னு ஆகாது. தற்கொலை, தானே வருவிச்சுக்கிட்ட காயம், குற்றச் செயல், போதை, நோய், இந்த மாதிரி சட்டம் சொல்ற காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு. டிக்கெட் தொலைஞ்சு போனா? 2018-ல ரீனா தேவி வழக்குல, உடம்புகிட்ட டிக்கெட் கிடைக்கலங்கிறதுக்காக மட்டும் அவர் பயணி இல்லன்னு சொல்ல முடியாதுன்னாங்க. பிளாட்பார டிக்கெட் எடுத்தவங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். மனு போட வேண்டிய இடம் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயம், சென்னையில அமர்வு இருக்கு. கெடு ஒரு வருஷம்.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரயில்ல இருந்து விழுந்தா யாருகிட்ட கேக்கணும், எவ்வளவு, எத்தனை நாளுக்குள்ள, எல்லாம் எழுதியே இருக்கு. யார் தப்புன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம். சாக்கடையில விழுந்தா அப்படி எதுவும் இல்ல. அந்தச் சாக்கடை யாரோடது, மூட வேண்டியது யார் கடமை, அவங்க கவனக்குறைவால்தான் கை உடைஞ்சுதா, எல்லாத்தையும் விழுந்தவங்கதான் நிரூபிக்கணும். வலி ஒண்ணுதான். விழுந்த இடம் யாருடையதுங்கிறதுதான் எல்லாத்தையும் மாத்துது.

ரோட்டுலயும் இதே கதைதான். வண்டி மோதினா மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கு. மனு போட இப்போ சட்டத்துல கெடு ஆறு மாசம். மோதிட்டு நிக்காமப் போன வண்டின்னாலும் அரசுத் திட்டம் இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. ஆனா வண்டியே சம்பந்தப்படாம பள்ளத்துலயோ சாக்கடையிலயோ விழுந்தா, சிவில் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றத்துல ரிட் மனு. பாதை நீளம்.

நீளம்தான், ஆனா அடைச்ச பாதை இல்ல. டெல்லி சாந்தினி சவுக்ல மாநகராட்சியோட மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்து ஆட்கள் செத்தாங்க. கூண்டுக்கு வயசு சுமார் 80. அந்த மாதிரி காரைக் கட்டடத்தோட ஆயுசே 40, 45 வருஷம்தான். பராமரிக்க வேண்டியவங்க சரியா பராமரிச்சிருந்தா அது தானா விழாது, அதனால மாநகராட்சிதான் பொறுப்புன்னு 1966-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1997-ல, ராஜ்கோட்ல ரோட்டோர மரம் விழுந்து ஒருத்தர் இறந்த வழக்குல, மாநகராட்சியோட கவனக்குறைவு நிரூபணம் ஆகலன்னு இழப்பீட்டை ரத்து பண்ணிடுச்சு. ரெண்டுமே மேல இருந்து விழுந்ததுதான். நிரூபிக்க முடிஞ்சதுக்கும் முடியாததுக்கும் இடையில அவ்வளவு தூரம்.

2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில அனுமதியில்லாம வெச்ச பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல வந்த 23 வயசு பொண்ணு கீழ விழுந்து, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறி இறந்தாங்க. நம்மள மாதிரி ஐ.டி.யில வேலை பார்த்தவங்க. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அதைத் தப்பு பண்ணின அதிகாரிகள்கிட்ட வசூலிக்கவும் சொன்னது. 2025 அக்டோபர்ல பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு படி மேல போச்சு. சாலைப் பள்ளத்தாலயோ மூடாத மேன்ஹோலாலயோ உயிர் போனா 6 லட்சம், காயம்னா 50,000 முதல் 2.5 லட்சம் வரைன்னு தொகையே சொல்லிடுச்சு. அது மகாராஷ்டிராவுக்கு. நமக்கு அந்த மாதிரி ஒரு உத்தரவு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது ஆதாரம்தான். லாக் இல்லாம ஒரு பக்கைக் கண்டுபிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

விழுந்த இடத்தை அன்னைக்கே போட்டோ எடுங்க. பக்கத்துக் கடை போர்டும் படத்துல தெரியட்டும். எதிர்க்கடையில சிசிடிவி இருந்தா உடனே கேளுங்க, கொஞ்ச நாள்ல அழிஞ்சுடும். அரசு ஆஸ்பத்திரியில ஏ.ஆர். காப்பி போடச் சொல்லுங்க. "விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லாதீங்க, "மூடாத சாக்கடையில விழுந்தேன்"னு இடத்தோட சொல்லுங்க. போலீஸ்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. ரயில்னா ரயில்வே போலீஸ். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, கூலிச் சீட்டு எல்லாம் ஒரே கவர்ல இருக்கட்டும்.

அடுத்து, 10 ரூபாய் கட்டி ஒரு ஆர்.டி.ஐ. அந்த ரோடு யார் பொறுப்பு, யார் கான்ட்ராக்டர், கடைசியா எப்போ வேலை பார்த்தாங்க. நகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சியான்னு பதில்ல தெரிஞ்சிடும். அரசு மேல சிவில் வழக்குன்னா பொதுவா 2 மாசம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். சில வழக்குக்குக் கெடுவே ஒரு வருஷம்தான், அதனால தள்ளிப் போடாதீங்க. வக்கீலுக்குக் காசில்லன்னா நீதிமன்ற வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்க, இல்ல 15100-க்கு போன் போடுங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச உதவி உண்டு.

பெரியம்மாவையும் அங்கதான் கூட்டிட்டுப் போனேன். வக்கீல் பொறுமையா கேட்டார். அன்னைக்கு ராத்திரி பெரியம்மா போனது கட்டு போடுற வைத்தியர்கிட்ட. பத்து நாள் கழிச்சுதான் ஆஸ்பத்திரி. அங்க சீட்டுல எழுதியிருக்கிறது "தவறி விழுந்ததாக". போட்டோ ஒண்ணுகூட இல்ல. சாக்கடைக்கு இப்போ சிலாப் போட்டாச்சு. "உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா, காட்டத்தான் ஒண்ணும் இல்ல"ன்னார்.

வெளிய வந்து டீ குடிச்சோம். "யாருகிட்ட கேக்கணும்னு இப்பத் தெரிஞ்சுது, இல்ல தம்பி?"ன்னாங்க. கிளாஸை இடது கையில பிடிச்சிருந்தாங்க.

இந்த எபிசோடை உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.