வேலியோரத்து மேந்தோன்னி



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு அங்குள்ள மக்களின் மொழி மெல்ல மெல்லப் பழகிவிடுகிறது. காய்கறிகளின் பெயரும் கடைத்தெருக்களின் பெயரும் ஓராண்டுக்குள் நாவில் ஏறிவிடுகின்றன. ஆனால் விலைகொடுத்து வாங்காத பொருள்களின் பெயர் மட்டும் நெடுநாள் நமக்கு எட்டுவதில்லை. வீட்டு வளாகத்தில் தாமாக முளைத்துப் பூக்கும் செடிகொடிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ‘ஏதோ காட்டுப் பூ’ என்று சொல்லி அவற்றைக் கடந்துவிடுகிறோம். அவ்வாறு கடந்துவிடத் தகாத பூ ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

திருவனந்தபுரத்தில் ஜூன் மாதத் தொடக்கத்தில் இடவப்பாதி மழை இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு மலையாள நாட்டார் இட்ட பெயர் இது. வெறுந்தரையாகக் கிடந்த வேலியோரம் சில வாரங்களுக்குள் பசுமை கொள்கிறது. நம் வீட்டு வேலியிலும் அவ்வாறு கொடி ஒன்று எழுந்து, செம்பருத்தியைப் பற்றிக்கொண்டு மேலேறியது. ஆடி மாத அளவில் அதில் தீக்கொழுந்து போன்ற பூக்கள் தோன்றின. நட்டவர் எவருமில்லை. “இது என்ன பூ?” என்று பிள்ளைகள் கேட்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பெயர் தெரியாத பொருள் ஒன்று வாயிலருகே நிற்பது பொறுக்கக்கூடியதா?

பெயர் அறியாத செடியை இனங்காண்பதற்குப் பூவின் நிறத்தை மட்டும் நம்பலாகாது. இக்கொடியின் பூவே அதற்குச் சான்று. மலரும்போது பசுமை கலந்த மஞ்சளாக இருக்கிறது. பின்னர் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறுகிறது. முதிர்ந்தபின் முழுதும் சிவக்கிறது. ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களைக் காண்பவர் மூன்று வகை என்று மயங்குதல் கூடும். ஆகவே மாறாத அடையாளங்களையே நோக்கவேண்டும்.

இதழ்கள் ஆறு. அவற்றின் விளிம்பு நெளிநெளியாக அமைந்துள்ளது. பூ தலைகவிழ்ந்து நிற்க, இதழ்கள் மட்டும் பின்புறமாக வளைந்து வானை நோக்குகின்றன. மகரந்தக் கேசரங்களும் ஆறு. அவை குடைக்கம்பிகள் போல நாற்புறமும் விரிந்துள்ளன. இவை எல்லாவற்றினும் சிறந்த அடையாளம் இலையில் இருக்கிறது. ஈட்டிபோல் நீண்ட இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அருகிலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்கிறது. பூவில்லாத காலத்திலும் இந்த இலைநுனியைக் கொண்டு கொடியை அறிந்துகொள்ளலாம்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு அண்டை வீட்டு மூதாட்டியாரிடம் கேட்டோம். பிள்ளைகள் ‘அம்மூம்மா’ என்று அழைக்கும் அப்பெருமாட்டி, வேலியைக் கண்டதும், “மேந்தோன்னியாணு, கிழங்கு விஷமாணு” என்றார். பெயரும் எச்சரிக்கையும் ஒருங்கே கிடைத்தன.

மேந்தோன்னி என்னும் சொல்லைச் சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். தமிழில் ‘ஒன்று’ என்பது மலையாளத்தில் ‘ஒன்னு’ என ஒலிக்கும். அவ்வாறே ‘தோன்றி’ என்பது ‘தோன்னி’ ஆகும். தோன்றி என்பதற்குச் செங்காந்தள் என்றே நம் அகராதிகள் பொருள் கூறுகின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 மலர்களுள் காந்தளும் உண்டு, தோன்றியும் உண்டு. மகளிர் விரலுக்கு உவமையாகக் கல்லூரியில் நாம் படித்த காந்தள், தமிழ்நாட்டு அரசு மாநில மலராகக் கொண்ட செங்காந்தள், நம் வேலியில்தான் பூத்திருந்தது. தமிழ்நாட்டில் இன்று பேச்சு வழக்கில் அருகிவிட்ட ‘தோன்றி’ என்னும் பழஞ்சொல்லை, மலையாளத்து மூதாட்டி ஒருவர் அன்றாடச் சொல்லாக வழங்கக் கேட்டோம்.

இப்பெயர் ஏடேறிய வரலாறும் அறியத்தக்கது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகளாக ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலைத் தொகுத்தார். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தார். அந்நூலில் இக்கொடி ‘மெந்தோனி’ என்றே இடம்பெற்றது. பின்னர் 1753-இல் லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா எனப் பெயரிட்டார். இலத்தீனில் இருந்த அப்பெருநூலைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் ஆங்கிலத்தில் ஆக்க, திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

இனி, மூதாட்டியாரின் எச்சரிக்கைக்கு வருவோம். இக்கொடியின் எல்லா உறுப்புகளிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கேரளத்து வளாகங்களில் காச்சில் முதலிய உணவுக் கிழங்குகளும் வேலியோரம் கொடியாகப் படர்கின்றன. தோண்டும்போது ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் உயிருக்கே கேடு நேரும். கிழங்கை மாற்றி உண்டு மாண்டவரும் உளர். வேறுபாடு எளிது. காச்சிற்கொடி தண்டால் சுற்றி ஏறும். அதன் இலை இதயவடிவானது. மேந்தோன்னியோ இலைநுனியால் பற்றி ஏறும். அதன் கிழங்கு கலப்பைபோல் கவடுபட்டிருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்ததே. தவறி உண்டவர்க்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். கிழங்கின் துண்டையும் உடன் கொண்டுசென்றால் மருத்துவர்க்கு உதவியாகும்.

அந்நஞ்சே அளவறிந்து பயன்படுத்துவார் கையில் மருந்தாகிறது. யூரிக் அமிலம் மூட்டுகளிற் படிவதால் உண்டாகும் கடும் வலிக்குக் கோல்ச்சிசின் மருந்து வழங்கப்படுகிறது. இதன் விதைக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் உழவர்கள் பந்தலிட்டு இக்கொடியைப் பயிரிடுகின்றனர். அங்கே இதன் பெயர் கண்வலிக்கிழங்கு.

நேயர்களே, உங்களுள் சிலர் இப்பூவைக் கண்டிருக்கலாம். மகாராட்டிரத்தில் இதனைக் களலாவி என்பர். இந்தி பேசுவோர் கலிஹாரி என்பர். ஆந்திர நாட்டில் அடவிநாபி. இலங்கையில் சிங்களவர்க்கு நியங்கலா, தமிழர்க்குக் கார்த்திகைப்பூ. நீங்கள் வாழும் ஊரின் பெயரை முதலில் கேட்டறியுங்கள். அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த நன்மை தீமைகள் அப்பெயரோடு சேர்ந்தே வரும். ஐயம் எஞ்சினால் இலையும் பூவும் உள்ள கிளையொன்றைச் செய்தித்தாளின் மடிப்பில் அழுத்தி உலர்த்தி, அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டலாம். திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ளார்க்கு, பாலோட்டில் 1979-இல் நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையமும் உண்டு.

வேலியோரத்துக் கொடியை நாம் பிடுங்கவில்லை. பார்க்கலாம், பறிக்கலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தோம். மழை நின்றதும் கொடி வாடி மண்ணில் மறையும். கிழங்கு மட்டும் அடியில் உறங்கும். அடுத்த ஆண்டு அது மீண்டும் எழும்போது, காந்தள் என்றும் மேந்தோன்னி என்றும் இரு பெயராலும் பிள்ளைகள் அதனை அறிவார்கள்.