பிள்ளையின் முதுகைப் பார்ப்போம்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம், நம்மில் பலருக்கு உறவினர் உண்டு. அந்நாட்டில் கண்ணையும் பல்லையும் சோதிப்பதுபோல, பிள்ளைகளின் முதுகையும் பள்ளியிலேயே சோதிக்கும் திட்டம் 1981இல் தொடங்கியது. வலி என்று சொல்லாத பிள்ளைக்குச் சோதனை எதற்கு? முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் சோதனை.

அங்கு 110,744 பிள்ளைகளைச் சோதித்த முடிவு 1985இல் வெளிவந்தது. 6, 7 வயதில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவருக்கே வளைவு இருந்தது. 11, 12 வயதிலோ நூற்றில் ஏறக்குறைய இருவருக்கு இருந்தது. அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். மளமளவென்று உயரும் வயதில்தான் கவனம் வேண்டும்.

சோதனை எளிது. 1865இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் காட்டிய வழி இது. முதுகு தெரியும்படி நிற்கும் பிள்ளையை, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளை இணைத்து முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று, முதுகின் மட்டத்திற்குக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக எழும்பியிருக்கிறதா? நிமிர்ந்து நிற்கையில் ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா?

மேடு தெரிந்தாலே நோய் என்று அஞ்ச வேண்டாம். கொத்தனாரின் ரசமட்டம் போன்ற கருவியால் செவிலியர் சரிவை அளப்பர். பிறகு எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகையாவது இருந்தால்தான் மருத்துவர் நோய் என்று உறுதி செய்வார். சிறு வளைவைக் கவனித்து வந்தாலே போதும். 25 பாகையைத் தாண்டினால், வளரும் பிள்ளைக்குக் கச்சை அணிவித்து, மேலும் வளையாமல் தடுக்க முயல்வர். வளர்ச்சி நின்றபின் கச்சை உதவாது. காலம் தவறக் கூடாது என்பது இதற்காகவே.

தண்ணீர் வாளி தூக்கியதால், தம்பியை இடுப்பில் சுமந்ததால் வந்தது என்று தாய்மார் தம்மையே நொந்துகொள்வதுண்டு. அது சரியல்ல. பெரும்பாலான வளைவுகளுக்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. "கோணாதே, நேராக நில்" என்று ஆசிரியர்களாகிய நாங்களும் அதட்டியிருக்கிறோம். அதட்டலால் எலும்பு நிமிராது.

ஆகவே, ஆறு மாதத்திற்கு ஒருமுறை, குளிக்கப் போகும் நேரத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். பெண் பிள்ளையை அம்மாவோ பாட்டியோ பார்க்கட்டும். மேடு தெரிந்தால் தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.