பினாங்குக்குப் போகிறீர்களா? பெரியவர்களின் நடைக்குத் திட்டம் போடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கம்போங் மேடானைச் சேர்ந்த பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று எங்கள் கம்போங் மேடான் அடுக்குமாடியில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பினாங்கு. நானும் என் குடும்பத்தோடு மூன்று முறை போய் வந்தேன். விடியற்காலையில் காரில் கிளம்புவோம். பாலத்தைக் கடப்போம். நாசி கண்டார் சாப்பிடுவோம், பேரங்காடியில் சுற்றுவோம், படம் எடுப்போம், திரும்பி விடுவோம்.

மூன்று முறையும் என் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கப்பல்துறையை ஒரு தடவை பார்க்கணும்பா." மூன்று முறையும் நான் சொன்ன பதில், "அடுத்த தடவை பார்க்கலாம்மா." நான்காவது முறை போவதற்குள் அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. எண்பதைத் தாண்டிய மனிதருக்கு 'அடுத்த தடவை' என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா 1950ல், ஏழு வயதில், நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்தவர். 1926ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நம் மக்களைச் சென்னையிலும் நாகையிலும் ஏற்றிக்கொண்டு வந்து பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறக்கியது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலின் பயணமும் 1985ல் நேர்ந்த தீ விபத்தோடு முடிந்தது. இன்று அந்த வழியில் வந்தவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் மிச்சம்? அவர்களை உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் ஊர் சுற்றலாமா?

சென்ற ஆண்டு திட்டத்தையே மாற்றினேன். அம்மாவின் நடைக்கு ஏற்றபடி பயணம். நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, காரை வீட்டில் விட்டுவிடுங்கள். எங்கள் வட்டாரத்துக்காரர்கள் கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறினால் ரயில் மாறாமலே கோலாலம்பூர் சென்ட்ரல் போய்ச் சேரலாம். அங்கிருந்து இ.டி.எஸ். மின்ரயிலில் பட்டர்வொர்த்துக்கு நான்கு, நான்கரை மணி நேரம். 2015லிருந்து இந்த ரயில் பட்டர்வொர்த் வரை ஓடுகிறது. கழிவறைக்காக நெடுஞ்சாலையில் இடம் தேட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு அதுவே பாதி நிம்மதி. ஆனால் விடுமுறை நாட்களில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள். மூத்த குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். மைகார்டை மறக்காதீர்கள்.

இரண்டாவது, பாலம் வேண்டாம், பெர்ரியில் போங்கள். பட்டர்வொர்த் ரயில் நிலையம், பினாங் சென்ட்ரல் பேருந்து முனையம், பெர்ரித் துறை மூன்றும் நடைபாதையால் இணைந்தவை. ஆனால் அந்த நடைபாதை நீளமானது. முட்டி வலி உள்ளவர்களுக்கு மடக்கும் சக்கர நாற்காலி கொண்டு போங்கள். நான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1894ல் தொடங்கிய இந்தப் பெர்ரிச் சேவையில் 2021லிருந்து கார்களை ஏற்றுவதில்லை. 2023ல் புதிய கப்பல்கள் வந்திருக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். சில்லறையும் கையில் இருக்கட்டும், கார்டும் இருக்கட்டும்.

பெர்ரியில் முன்பக்கம் பார்த்து உட்காருங்கள். கரை நெருங்கும்போது மணிக்கூண்டு வைத்த பழைய கட்டடம் ஒன்று தெரியும். 1907ல் மலாயா ரயில்வே கட்டியது, இப்போது சுங்கத்துறை இருக்கிறது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம்! அங்கே டிக்கெட் வாங்கி, பெர்ரியில் கடந்து, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறுவார்களாம். அம்மா அந்த மணிக்கூண்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்: "இறங்கும்போது கூட்டத்துல தொலைஞ்சிடக் கூடாதுன்னு எங்கம்மா என் கையைத் தன் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தாங்க. அப்ப இந்தக் கடியாரத்தைத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்." இத்தனை வருடங்களாக என் அம்மா இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

மூன்றாவது, தங்குமிடம். ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கமே அறை எடுங்கள். அந்தப் பழைய நகரம் 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கடைவீடுகளைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள், பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, மரப்படி செங்குத்தாக இருக்கும். பணம் கட்டும் முன் "மின்தூக்கி உண்டா, கீழ்த்தளத்தில் அறை உண்டா?" என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போய் அவதிப்பட்டவன்.

நான்காவது, ஊருக்குள் சுற்றுவது. துறைமுகத்திலிருந்து நகர மையத்தைச் சுற்றி இலவசப் பேருந்து ஓடுகிறது. குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோயில், சூலியா தெருவில் நாகூர் தர்கா, அதற்கு அருகிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், இரண்டு தெரு தள்ளிச் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில். எல்லாம் ஒரு காலை நேரத்துக்குள் அடங்கும். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு மதியம் ஓய்வெடுங்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். ஏற முடியாத பெரியவர்கள் மனம் வருந்த வேண்டாம். அதே சாலையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயில் தரைமட்டத்திலேயே இருக்கிறது, அங்கேயும் முருகனே. தைப்பூசத்தின்போது கூட்டத்தில் அவர்களை அழைத்துப் போவதைவிட, சாதாரண நாளில் போவது நல்லது. கொடிமலைக்கு 204ஆம் எண் பேருந்து போகும். வார இறுதியில் மலை ரயிலுக்கு நீண்ட வரிசை நிற்கும். வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். நாசி கண்டாரில் மீன்தலை, பெரிய இறால் எடுக்கும் முன் விலை கேளுங்கள். கேட்பது கௌரவக் குறைவல்ல. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி போலத் தோளில் சுமந்து விற்ற உழைப்பாளிச் சோறு அது.

கடைசியாக, கடற்கரை. பத்து ஃபெரிங்கியில் விஷ ஜெல்லி மீன் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமியில் நம் நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. மேட்டை நோக்கி ஓட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும்.

அன்பர்களே, செலவு இரண்டு நாளுக்கும் சேர்த்து நாங்கள் முன்பு காரில் போய் வந்ததைவிட அதிகமாகவில்லை. பார்த்த இடங்கள் குறைவுதான். ஆனால் என் மகள், பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முந்தானை முடிச்சுக் கதையை மூன்று முறை கேட்டு வாங்கினாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்கும் 'அடுத்த தடவை' என்று சொல்லாதீர்கள். இந்த விடுமுறைக்கே டிக்கெட் எடுங்கள்.