கொதிகலனுக்கு ஓர் உரைநடை



இலக்கிய நிகழ்ச்சியிலே கொதிகலனுக்கு என்ன வேலை என்று வினவுவீர்கள். 'கொதிகலன்' என்பது வினைத்தொகை. கொதித்த கலன், கொதிக்கின்ற கலன், கொதிக்கும் கலன் என விரியும். நன்னூல் நடத்தும் எனக்கு இந்த நியாயமே போதும்.

என்னிடம் தமிழ் பயின்ற ஒருவர் இங்கிலாந்தில் மாதிரிப் புகையிரத இயந்திரம் ஓட்டுகிறார். விளையாட்டுப் பொருளென்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து அங்குல இடைவெளித் தண்டவாளத்தில், நிலக்கரி எரித்து, மெய்யான நீராவியால் ஆள்களை இழுத்துச் செல்வது. அதைத் துப்புரவு செய்பவர் அவருடன் வாழும் மாமனார். தமிழ் மட்டும் வாசிப்பவர். அவருக்காகப் பராமரிப்புக் குறிப்பொன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள்.

இத்துறைக்கு ஆங்கிலத்தில் நல்ல உரைநடை மரபுண்டு. 1898இல் தொடங்கிய 'மொடல் என்ஜினியர்' சஞ்சிகையில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் ஒருவர் பல்லாண்டு எழுதினார். பட்டறையில் எதிரே நின்று கதைப்பவர் போன்ற நடை. நம்மிடம் அத்தகைய எழுத்து குறைவு என்பது என் கட்சி. சொற்களுக்கோ குறைவில்லை. செப்புத் தகடுகளை வெள்ளிப் பற்றாசு இட்டு இணைக்கிறார்கள். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்க வரும் 'ஆசு'க்கு உரைகாரர் காட்டும் உவமையும் இந்தப் பற்றாசுதான்!

யாழ்ப்பாணத்தவர்க்குச் சுண்ணாம்புப் படிவை விளக்க வேண்டியதில்லை. நம் கேத்தில்களின் அடியைப் பார்த்தால் தெரியும். கொதிகலனில் அது வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வழியை அடைத்தாலோ, இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும். பெரும் ஆபத்து அதுவே. ஆகவே நல்ல நீர் வேண்டும். 'வடிகட்டிய நீர்' என்று எழுதினால் பிழை. கரைந்த சுண்ணாம்பு துணியில் நிற்காது. 'சுத்தமான மழைநீர்' என்று எழுதினேன். ஓட்டம் முடிந்து, நெருப்பை அகற்றி, அமுக்கம் தணிந்தபின் அடிவால்வைத் திறந்து சேற்றை வெளியேற்ற வேண்டும். குழாய்களின் புகைக்கரியையும் தூரிகையால் நீக்க வேண்டும். ஈரம் பட்டால் அது அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

அமுக்கச் சோதனையை எழுதும்போதுதான் பேனா தயங்கியது. புதிய கலனை இயங்கும் அமுக்கத்தின் இருமடங்கிலும், பின்னர் காலத்துக்குக் காலம் ஒன்றரை மடங்கிலும், குளிர்நீர் நிரப்பிச் சோதிப்பார்கள். நீர் அமுங்காது, எங்கேனும் கசிந்தால் அமுக்கம் உடனே விழும். உள்ளே காற்றிருந்தால் அதுவோ வில்லைப்போல் விசையைச் சேர்த்து வைத்து வெடிக்கும். 'காற்றை முற்றாக வெளியேற்றியபின்' என்ற தொடரை நடை கருதி நீக்கினால் வாக்கியம் அழகாகும், கை போய்விடும். அத்தொடரை இரண்டு இடத்தில் எழுதினேன். கூறியது கூறல் குற்றமென்று நன்னூலார் சொல்வார், சொல்லட்டும்.

படிவைக் கரைக்கச் சித்திரிக்கமிலக் கரைசல் என்றிருந்தேன். பழப்புளி போதாதா என்று பெரியவர் கேட்டனுப்பினார். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. கொதிகலனுக்குள்ளே சக்கை தங்கிவிடும் என்று பதில் எழுதியிருக்கிறேன். கரைசலை வடித்தபின் பலமுறை அலச வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.