மறுபடி பயன்பட்ட கற்களும் கட்டடத்தின் காலமும்

கோலார் தங்கவயல் என்றவுடன் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட சுரங்கங்களே நினைவுக்கு வருகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கோலார் நகரில், மண்ணுக்கு மேலேயே ஒரு புதையல் உண்டு. கோலாரம்மன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளே அது. செங்கல்லால் அமைந்திருந்த குவளாலத்துப் பிடாரியார் கோயில், முதலாம் இராசேந்திர சோழனின் ஆணைப்படி, படைத்தலைவன் உத்தமசோழப் பிரம்மமாராயனால் கருங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டதை அவற்றுள் ஒன்று கூறுகிறது. ஒரே கோயில், கட்டுமானக் காலங்களோ இரண்டு.

எல்லாக் கட்டடங்களும் தம் வரலாற்றை இவ்வாறு எழுதி வைப்பதில்லை. அங்கே அகழாய்வாளர் சுவரையே படிக்க வேண்டியுள்ளது. செங்கல் அளவில் மாற்றம், பிணைப்பின்றி ஒட்டி நிற்கும் இரு சுவர்கள், தலைகீழாகப் பதிந்த எழுத்து, படிக்கல்லாகிவிட்ட தூண் ஆகியவை காலமாற்றத்தைக் காட்டும் அடையாளங்களாகும்.

பழைய கல் எப்பொழுதும் பழைய கட்டடத்தைக் குறிப்பதில்லை. கர்நாடகத்தின் சன்னதி என்னும் ஊரில், சந்திரலாம்பா கோயில் வளாகத்தில், காளி சிலையின் பீடமாக இருந்த கற்பலகையில் அசோகரின் சாசனங்கள் காணப்பட்டன. சிலையைப் பொருத்துவதற்காக எழுத்துகளின் நடுவே துளை வெட்டப்பட்டிருந்தது. அக்கல்லை மட்டும் நம்பினால் அக்கோயில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டினதாகிவிடும்! பின்னாளில் பழுதுபார்த்தபோது செருகிய கற்களை விலக்கியபின், எஞ்சியவற்றுள் மிகப் பிந்திய கல்லுக்கு முன் அக்கட்டடம் எழுந்திருக்க இயலாது என்பதே விதி.

கல் இடம் மாறும்பொழுது செய்தி அழியாமல் காப்பது எப்படி? திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அரணாக உள்ளது. ஆனால், சிற்றூர்க் கோயிலிலும் ஏரி மதகிலும் கிணற்றுச் சுவரிலும் உள்ள கற்களுள் பல அப்பட்டியலில் இடம்பெறவில்லை. திருப்பணியின்போதும் சாலைப் பணியின்போதும் அவை உடைக்கப்படலாம்; மணல் வீச்சால் எழுத்துத் தேயலாம். பணி தொடங்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, நிழற்படமும் மைப்படியும் எடுத்து, இருந்த இடத்தைக் குறித்துக்கொள்வது அலுவலர் கடமையாகும். மாணவர் அதில் துணை நிற்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏட்டைக்கொண்டு செய்ததை இன்று செய்யாதிருக்கக் காரணம் ஏதுமில்லை.